பதினைந்து வயது

மலையாள எழுத்தாளர் கமலாதாஸின் 'என் கதை', 'மலையாளநாடு' வார இதழில் தொடராக வந்து 1973ஆம் ஆண்டு நூலாயிற்று. தன் மணவாழ்வின் வெறுமையையும், பிற ஆடவர் மீது எழுந்த நாட்டத்தையும் அவர் ஒளிக்காமல் எழுதினார். தொடரை நிறுத்தச் செய்ய அவருடைய தந்தையே முயன்றார். குடும்ப மானம் போயிற்று என்று ஏசியவர்களும் உண்டு. ஒரு பெண் துணிந்து பேசிவிட்டாள் என்று மகிழ்ந்தவர்களும் உண்டு.

எங்கள் இலக்கிய நண்பர்களிடமும் இந்தப் பிளவைக் கண்டிருக்கிறேன். 1999இல் இஸ்லாத்தைத் தழுவி கமலா சுரையா ஆனவரின் பழைய நூலைக் கிளறாமல் விடுவதே மரியாதை என்றார் ஒருவர். "வாழ்ந்ததை எழுதியதில் என்ன வெட்கம்?" என்றார் மற்றவர். அதில் கற்பனையும் கலந்திருந்ததாகக் கமலாவே பின்னாளில் சொன்னதைக் காட்டி, மூன்றாமவர் நூலையே தள்ளிவைத்தார்.

மூவரின் வாதமும் அந்தப் பிற ஆடவர்களைச் சுற்றியே நடந்தது. ஆசிரியனான என் கண் வேறோர் இடத்தில் நிற்கிறது. கமலாவுக்குத் திருமணம் நடந்தபோது வயது பதினைந்து. மாப்பிள்ளை அவரைவிட மிக மூத்தவர். இதில் கற்பனை ஏதுமில்லை.

பதினைந்து என்றால் பத்தாம் தரம். கொப்பியை வீட்டில் மறந்து வந்தால் கண் கலங்கும் வயது. மாப்பிள்ளை பார்க்கிறார்களாம் என்ற பேச்சு வந்தபின் ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே இடாப்பில் நாள்தோறும் வரவின்மை குறிப்பது எனக்குப் பழகாத வேலை. அந்நூலை ஏசுவோரும் புகழ்வோரும் முதலில் அந்தச் சிறுமியைப் பற்றிப் பேசட்டும். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.