வீடிழந்து வந்த விருந்தாளி



ஒரு நாயைப் பற்றி எழுதுவதற்கு இத்தனை பக்கங்கள் வேண்டுமா எனச் சிலர் கேட்கக்கூடும். ஆயினும் அண்மைக் காலத்தில் நம்மிடம் வந்து, "தெருவில் கிடந்த நாயை இரக்கப்பட்டு வீட்டிற்குக் கொண்டுவந்தோம், உண்ண மறுக்கிறது, உறுமுகிறது, மூலையை விட்டு நகர்வதில்லை, திரும்பவும் கொண்டுபோய் விட்டுவிடலாமா?" என்று வினவிய குடும்பங்கள் ஒன்றிரண்டல்ல. அவர்களுக்கு நாம் கூறிய விடைகளுள் பெரும்பாலானவை நம்முடைய சொந்தப் பிழையிலிருந்து நாம் கற்றவை. அப்பிழையை மறைக்காமல் இங்கே எழுதுகிறோம்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையை எவரும் மறந்திருக்க இயலாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டது, குளங்கள் உடைப்பெடுத்தன. வெள்ளம் வடியத் தொடங்கிய 20-ஆம் நாள் காலையில், அரிசியும் போர்வைகளும் எடுத்துக்கொண்டு, இளைஞர் சிலருடன் தாழ்வான தெருவொன்றுக்குச் சென்றோம். அங்கே பாதி இடிந்த வீட்டின் குட்டிச்சுவர்மீது செவலை நாய் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதன் கழுத்தில் கயிறு இருந்தது. கயிற்றின் மறுமுனை சன்னல் கம்பியில் கட்டப்பட்டிருந்தது. கயிறு சற்று நீளமாக இருந்தமையால் சுவர்மீது ஏறி உயிர் தப்பியிருக்கிறது. நீருக்கு அஞ்சி இழுத்து இழுத்துக் கழுத்தைச் சுற்றிலும் புண்ணாகியிருந்தது.

வீட்டுக்காரரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. நள்ளிரவில் மார்பளவு நீரில், நடக்க இயலாத தம் தாயைத் தோளில் சுமந்துகொண்டு அவர் வெளியேறினார் என அயலார் கூறினர். திரும்பிச் செல்ல வழியில்லை. கயிற்றை அறுத்து, நாயைச் சாக்கில் பொதிந்து, பங்கு இல்லத்திற்குக் கொண்டுவந்தோம்.

அரசு கால்நடை மருந்தகத்தின் மருத்துவர் புண்ணைக் கழுவி மருந்திட்டார். வெறிநோய்த் தடுப்பூசி போட்டார். குடற்புழு நீக்க மருந்தும் கொடுத்தார். "சாமி, ஊசி போட்ட அன்றே முழுப் பாதுகாப்பு வந்துவிடாது. சில வாரங்கள் ஆகும். அதுவரை பிள்ளைகளைச் சற்று விலக்கியே வையுங்கள். இதைத் தனியே இருக்க விடுங்கள்" என்றார். முன்னையதைக் கேட்டோம், பின்னையதைக் காதில் வாங்கினோமேயன்றிக் கருத்தில் வாங்கவில்லை.

பெயர் வைப்பதிலேயே பெரும் ஆராய்ச்சி நடந்தது. "தோபியாவோடு வழிநடந்த நாய்க்கே வேதாகமத்தில் பெயரில்லை, சாமி, இதுக்கு எதுக்கு?" என்றார் உபதேசியார். இறுதியில் சிறுவர்கள் 'மணி' என அழைக்கத் தொடங்கினர். அதனால் ஒரு குழப்பமும் விளைந்தது. காலைப் பூசைக்கு முன் உபதேசியார் வாசலில் நின்று, "மணி அடிச்சாச்சா?" என உரத்துக் கேட்க, கோவில்பிள்ளை, "நான் அதைத் தொடவே இல்லையே!" எனப் பதறியதுண்டு.

இவ்வளவு மகிழ்ச்சிக்கும் நடுவே ஒருவர் மட்டும் முகம் கொடுக்கவில்லை. அவர் நம் இல்லத்தில் இருபது ஆண்டுகளாகச் சமைத்துவரும் அம்மையார். "சாமி, இந்த வீட்டுல ஒண்ணு நாய் இருக்கணும், இல்லாட்டி நான் இருக்கணும்" என்று கூறிவிட்டார். காரணம் சொல்லவில்லை. நாமும் அதனை வெறும் பிடிவாதம் எனவே எண்ணினோம்.

கிறிஸ்து பிறப்பு விழா வந்தது. வீடிழந்தோர் பலர் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தமையால் விழாவை எளிமையாகவே வைத்தோம். ஆயினும் நள்ளிரவுப் பூசைக்குத் திரளான மக்கள் வந்தனர். நாயைக் கண்டு அவர்கள் மனம் ஆறுதலடையும் என்பது நம் எண்ணம். ஆகவே, மண்டபத்து மூலையில் ஒடுங்கிக் கிடந்த அதனை வெளியே கொணர்ந்து, வேப்பமரத்தில் கயிற்றால் கட்டினோம். நான்கு நாட்களுக்கு முன்னர் எது அதன் கழுத்தை அறுத்ததோ, அதே கயிறு! மருத்துவர் விலக்கி வைக்கச் சொன்ன பிள்ளைகளே அதனைச் சூழ்ந்துகொண்டனர். ஒருவன் தலையைத் தடவினான். ஒருத்தி உலர்திராட்சை இட்ட கேக்கை நீட்டினாள். அவ்வேளையில் எவனோ ஒரு சிறுவன் பட்டாசுச் சரத்தைக் கொளுத்திவிட்டான்.

கயிறு அறுந்தது. நாய் இருளில் மறைந்தது. நல்வினையாக எவரையும் அது கடிக்கவில்லை. கடித்திருந்தால் பழி அதன்மேல் விழுந்திருக்கும். குற்றமோ முழுதும் நம்முடையது.

இரண்டு நாட்கள் தேடினோம். 26-ஆம் நாள் நண்பகலில் பூசையுதவிச் சிறுவர் ஓடிவந்து, "சாமி, மணி அந்தப் பழைய வீட்டுலேயே கிடக்கு" என்றனர். சென்று பார்த்தோம். இடிந்த சுவருக்கு அருகே, தான் கட்டப்பட்டிருந்த அதே சன்னலின் கீழ், வாசலை நோக்கி முகம் வைத்துப் படுத்திருந்தது. எவரை எதிர்பார்த்துக் கிடந்தது என்பதை விளக்கவும் வேண்டுமா?

அப்போதுதான் நமக்கு உறைத்தது. நாம் அதனை மீட்டுவிட்டோம் எனப் பெருமை கொண்டிருந்தோம். அதுவோ தன் வீட்டை விட்டுத் தன்னைப் பிரித்துவிட்டனர் எனத் துயருற்றிருந்தது. நமக்கு அது வரவு; அதற்கு அது இழவு. துக்க வீட்டிற்குச் செல்லும்போது நாம் யாரையும் சிரிக்கச் சொல்வதில்லை. நன்றி கூறவும் சொல்வதில்லை. வாய் திறவாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு வருகிறோம். அந்த மரியாதையை இந்த உயிருக்கு நாம் அளிக்கவில்லை.

அன்று அதன் அருகில் செல்லவில்லை. பத்தடி தள்ளி, பக்கவாட்டில் திரும்பி, தரையில் அமர்ந்தோம். முட்டை பிசைந்த சோற்றை நடுவே வைத்தோம். மாலை வெயில் சாயும்வரை அது எழவில்லை. பின்னர் எழுந்து வந்தது; உண்டது; நம் புறங்கையை ஒருமுறை முகர்ந்தது. நாம் நடந்தபோது பின்னே வந்தது. கயிறு தேவைப்படவில்லை.

அதன்பின் மருத்துவரிடம் மீண்டும் சென்று, அவர் கூறியவற்றை இம்முறை கருத்தில் வாங்கினோம். நாய் வளர்ப்போரிடையே ஒரு கணக்கு உண்டாம்: புதிய இடத்தின் அதிர்ச்சி தணிய மூன்று நாட்கள், வீட்டின் ஒழுங்கு பழக மூன்று வாரங்கள், இது தன் வீடு என்ற எண்ணம் வேரூன்ற மூன்று மாதங்கள். இஃது எல்லா நாய்க்கும் பொருந்தும் சட்டமன்று. துன்புற்ற நாய்க்குக் கூடுதலாகவும் ஆகும். எனினும் முதல் நாளிலேயே வாலாட்டவில்லை எனச் சலிப்போர்க்கு நல்ல மருந்து.

முதற்கண், நடமாட்டம் குறைந்த மூலையொன்றை அதற்கெனவே ஒதுக்கினோம். மடித்த சாக்கும் தண்ணீர்ச் சட்டியும் அங்கே இருந்தன. அது தானே வெளிவந்தாலன்றி எவரும் அங்கே செல்லலாகாது எனக் கட்டளையிட்டோம். உணவை நாள்தோறும் ஒரே நேரத்தில் வைத்தோம். உண்ணும்போது கிட்டே செல்லவில்லை. விடியற்காலையிலும், உண்ட பின்னரும், உறங்கி எழுந்த பின்னரும் தோட்டத்தில் ஒரே இடத்திற்கு அழைத்துச் சென்றோம். சில வாரங்களில் வீட்டினுள் அசுத்தம் செய்வது நின்றது. செய்துவிட்ட நாட்களில் அடிக்கவில்லை. அடித்தால், 'இங்கே செய்யாதே' என்பது அதற்கு விளங்காது. 'இவரைக் கண்டால் ஒளிந்துகொள்' என்பதே விளங்கும்.

சிறுவர்க்கும் பாடம் நடந்தது. நேருக்குநேர் கண்ணை உற்று நோக்கலாகாது. குனிந்து தலைக்கு மேலாகக் கை நீட்டலாகாது. உறங்கும் நாயைத் தொடலாகாது. உறுமினால் நகர்ந்துவிட வேண்டும். உறுமலுக்காக நாயைத் தண்டிப்பது பெரும் பிழை. அஃது எச்சரிக்கை மணி. அதனை அடக்கிவிட்டால், அடுத்த முறை எச்சரிக்கையின்றியே பல் பதியும்.

உணவிலும் அறியாமை தீர்ந்தது. அன்று அச்சிறுமி நீட்டிய கேக்கில் இருந்த உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லது என அறிந்து நடுங்கினோம். திராட்சை, சாக்லேட்டு, வெங்காயம், பூண்டு ஆகியன ஆகா. எனவே நம் வீட்டுச் சாம்பார்ச் சோற்றை அப்படியே ஊற்றிவிடுவது நன்றன்று. வெந்த கோழி எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கக்கூடும்.

இனி அம்மையாரின் செய்திக்கு வருவோம். அவருடைய அச்சத்தின் காரணத்தை உபதேசியார் ஒருநாள் தனியே கூறினார். அம்மையாருக்குப் பத்து வயதாயிருக்கையில் அவருடைய தம்பியை நாய் கடித்தது. வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடும் காலம் அது. ஊசிக்கு அஞ்சிய பெற்றோர் காயத்தில் சுண்ணாம்பு தடவி, மந்திரிப்பவரிடம் கொண்டுசென்றனர். சில வாரங்கள் கழித்து, தாகத்தில் தவித்தும் ஒரு மிடறு தண்ணீர் விழுங்க இயலாமல் அச்சிறுவன் மடிந்ததை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். இதையா நாம் பிடிவாதம் என்றோம்? நாய்க்கு மட்டுமன்று, அம்மையாருக்கும் நாம் மன்னிப்புக் கேட்க வேண்டியவரானோம்; கேட்டோம்.

இவ்விடத்தில் ஒன்றை வற்புறுத்துகிறோம். எந்த நாயாயினும் கடித்தாலோ பிறாண்டினாலோ, உடனே காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடங்கள் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டா. அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வயிற்றில் ஊசி போடும் வழக்கம் இன்று இல்லை. அரசு மருத்துவமனைகளில் தோள்பட்டைத் தோலில் போடும் சிறு ஊசியே. முதல் நாளிலும், அதிலிருந்து 3, 7, 28 ஆகிய நாட்களிலும் போட்டுக்கொள்ள வேண்டும். காயம் ஆழமானால் வேறு மருந்தும் சேர்த்துத் தருவர். வெறிநோயின் குறி தோன்றிவிட்டால் காப்பது ஏறத்தாழ இயலாது. அதற்கு முன்னரோ முற்றிலும் தடுக்க இயலும். வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடத் தவறாதீர்கள்.

மணியைக் கொல்லைப்புறத்து மூலைக்கு மாற்றி, சமையற்கட்டிற்கு இடையே கம்பிக் கதவொன்று வைத்தோம். அம்மையாரை நாய்க்குப் பழகுமாறு ஒரு சொல்லும் சொல்லவில்லை. மூன்றாம் வாரத்தில் ஒருநாள், முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தவர் நம்மை அழைத்தார். "சாமி, இங்க பாருங்க. நான் தொடைப்பத்தைத் தூக்கினா இது சுவரோட ஒட்டிக்கிடுது. நான் இதைக் கண்டு பயப்படுதேன்; இது என்னைக் கண்டுல்லா பயப்படுது!" என்றார். அன்றுமுதல், நாய் கிடக்கும் பக்கம் வந்ததும் துடைப்பத்தைத் தரையில் வைத்துவிட்டு நடக்கத் தொடங்கினார். சில நாட்களுக்குப் பின் சோற்றுத் தட்டையும் அவரே வைத்தார். கம்பிக் கதவுக்கு அப்பால் நின்றுகொண்டுதான்.

2024-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பழைய வீட்டுக்காரர் வந்தார். உறவினரின் வாடகை வீட்டில் ஒண்டியிருப்பதாகவும், அங்கே நாய் வைத்துக்கொள்ள வீட்டு உரிமையாளர் இசையவில்லை எனவும் கூறினார். அவர் குரல் கேட்டதும் மணி அலறிக்கொண்டு ஓடிச்சென்று அவர்மேல் விழுந்து புரண்டது. கழுத்துத் தழும்பை அவர் நெடுநேரம் தடவிக்கொண்டே இருந்தார், ஒன்றும் பேசவில்லை. அவர் புறப்பட்டபோது மணி வெளிவாயில்வரை சென்றது. தெருத் திரும்பும்வரை நின்று பார்த்தது. பின்னர் யாரும் அழையாமலே மெல்லத் திரும்பி வந்து, சமையற்கட்டு வாசலில் படுத்துக்கொண்டது. பழைய அன்பை அது மறக்கவில்லை, மறக்கவும் வேண்டியதில்லை. மறந்த பின்னரே புதிய வீடு அமையும் என எண்ணியது நம் பேதைமை.

அச்சம் முழுதும் நீங்கிவிட்டதா எனக் கேட்பீர்கள். இல்லை. அவ்வாண்டு ஐப்பசி மழை ஓரிரவு இடியுடன் பிடித்துக்கொண்டது. மணியின் மூலை வெறிச்சென்றிருந்தது. மனம் பதைத்து விளக்கை எடுத்துக்கொண்டு தேடினோம். சமையற்கட்டில் வெளிச்சம் தெரிந்தது. கம்பிக் கதவு திறந்திருந்தது. மாவரைக்கும் திண்டின் கீழே மணி நடுங்கிக்கொண்டு கிடந்தது. இரண்டு முழம் தள்ளி, சுவரில் சாய்ந்தபடி, செபமாலையும் கையுமாக அம்மையார் தரையில் அமர்ந்திருந்தார். அதனைத் தொடவில்லை, அழைக்கவும் இல்லை.

நம்மைக் கண்டதும், "நீங்க போய்ப் படுங்க, சாமி. மழை விடுற வரைக்கும் நான் இதுக்குத் துணையா இருக்கேன்" என்றார்.