ஹெட்டு தேஞ்சிருக்கு!

ஒருநாள் அப்பா, அம்மாவின் கேசட்டைப் போடுவதை நிறுத்திவிட்டார்.

எங்கள் வீட்டில் அது சாதாரண விஷயமில்லை. 1981-லிருந்து 12 வருடம் அப்பா சவூதியில், தம்மாமில் வேலை பார்த்தார். போனில் பேச டிரங்க் கால் புக் செய்துவிட்டு அரை நாள் காத்துக் கிடக்க வேண்டிய காலம். கடிதம் எழுத அம்மாவுக்குப் பொறுமை கிடையாது. முதல் லீவில் அப்பா கொண்டுவந்த டூ-இன்-ஒன்னை அடுப்படி மேடையில் வைத்து, சமைத்துக்கொண்டே பேசிப் பதிவு செய்வார். ஊரிலிருந்து யார் கிளம்பினாலும் அவர்கள் பெட்டியில் எங்கள் கேசட் ஒன்று இருக்கும்.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார். பிறகு மாடு கன்று போட்டது, பால் பாக்கி, நான் கணக்கில் வாங்கிய 34 மார்க் என்று வரிசையாக வரும். நடுவே குக்கர் விசில். திரும்பி வந்தபோது அப்பாவின் பெட்டியில் அப்படி 14 கேசட்டுகள் இருந்தன.

2009-ல் அம்மா போய்விட்டார். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் அப்பாவுக்கு அந்தக் கேசட்டுகள்தான். 12 வருடம் ஓடியது. அப்புறம்தான் நிறுத்தினார்.

"ஏன்ப்பா?" என்றேன்.

"குரல் மங்கிக்கிட்டே வருதுடா. வாயில துணிய வச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு. கேட்கக் கேட்கத் தேயுது போல. மிச்சம் இருக்கறதாவது இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. மறுநாள் டூ-இன்-ஒன்னைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்குப் போனேன். ஒரு காலத்தில் டேப் ரெக்கார்டர் மட்டுமே பார்த்த பாய், இப்போது செல்போன் கவர் விற்கிறார். கதவைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தவர், லென்ஸை என் கையில் கொடுத்தார்.

"ஹெட்டு தேஞ்சிருக்கு தம்பி. அம்மா குரல் டேப்புல பத்திரமாத்தான் இருக்கு."

பளபளப்பான அந்தச் சின்ன உலோக முகத்தின் நடுவே, டேப்பின் அகலத்துக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. விரல் நகத்தை வைத்தால் தடுக்கியது.

பிளாஸ்டிக் நாடா உலோகத்தைத் தேய்க்குமா? தேய்க்கும். நாடாவின் மேல் பூசியிருப்பது இரும்பு ஆக்ஸைடு. பொடியாக்கிய துரு என்றே சொல்லலாம். மிக மெல்லிய உப்புத்தாள் போல அது ஹெட்டை உரசிக்கொண்டே போகிறது. கேசட்டில் நாடா விநாடிக்கு 4.76 செ.மீ. ஓடும். ஒரு மணி நேரத்துக்கு 171 மீட்டர். அப்பாவின் 12 வருடத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 750 கி.மீ. வந்தது! சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரே ஹெட்டின் மேல் உப்புத்தாளை இழுத்த மாதிரி.

ஹெட்டின் நடுவில் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஓர் இடைவெளி உண்டு. டேப்பில் இருக்கும் காந்தப் பதிவை அதன் வழியாகத்தான் ஹெட் படிக்கிறது. முகம் தேயத் தேய அந்த இடைவெளி அகலமாகிவிடும். அப்போது முதலில் காணாமல் போவது மெல்லிய, கூர்மையான ஒலிகள். கட்டையான ஒலி மட்டும் மிஞ்சும். அப்பா சொன்ன அந்தத் துணி அதுதான்.

புது ஹெட் தேடிப் பிடிக்க பாய் இரண்டு வாரம் கேட்டார். அந்த இரண்டு வாரமும் எனக்கு ஹெட் பைத்தியம் பிடித்துவிட்டது. கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

எங்கள் செட்டில் இருந்தது நிக்கலும் இரும்பும் கலந்த பெர்மலாய். காந்த வேலைக்கு அருமையான உலோகம், ஆனால் மென்மையானது. இந்தத் தேய்மானத்தோடு ஜப்பான்காரர்கள் நிறையவே மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 1930-ல் டோக்கியோவில் கட்டோ, டக்கேய் என்ற இருவர் கண்டுபிடித்த ஃபெரைட், காந்த குணமுள்ள ஒரு பீங்கான். அதில் செய்த ஹெட்டுகள் நெடுநாள் தேயாமல் உழைத்தன. இரும்பு, சிலிக்கான், அலுமினியம் கலந்த சென்டஸ்ட் என்ற கலவையும் கெட்டிதான். சென்டாய் நகரத்தில் பிறந்ததால் அந்தப் பெயர்.

ஆனால் என்னை அசத்தியது கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க். என் மகன் மேஜையிலிருந்து தள்ளிவிட்டதில் செத்துப்போன ஒன்று வீட்டில் கிடந்தது. எங்கள் கொடைக்கானல் போட்டோக்கள் எல்லாம் அதோடு போயின. அதை அவிழ்த்தேன். கண்ணாடி போன்ற தட்டு, அதன் மேல் ஒரு கை, கையின் நுனியில் எள்ளை விடச் சின்னதாக ஒரு கறுப்புத் துண்டு. ஹெட் அதன் ஓரத்தில்தான் இருக்கிறதாம். கண்ணுக்கே தெரியவில்லை.

அந்தத் துண்டு ஒரு கலப்புப் பீங்கான். ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு அலுமினா, மீதி டைட்டானியம் கார்பைடு. அலுமினா என்றால் ஏதோ ரசாயனம் என்று நினைக்க வேண்டாம், மாணிக்கமும் நீலக்கல்லும் அடிப்படையில் அதே பொருள்தான். கெட்டி, ஆனால் தனியாக இருந்தால் விரிசல் சுலபமாக ஓடிவிடும். உள்ளே கலந்திருக்கும் கார்பைடு துணுக்குகள் விரிசலை மறித்துத் திருப்பிவிடுகின்றன. அதோடு மின்சாரத்தையும் கடத்துவதால், உரசலில் சேரும் மின்னூட்டம் தங்காமல் வடிந்துவிடுகிறது. தட்டு சுழலும் காற்றில் இந்தத் துண்டு சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. நம் தலைமுடியின் கனம் பல்லாயிரம் நானோமீட்டர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

கேசட்டில் நாடா ஹெட்டைத் தின்றது. இங்கே தலைகீழ். கீழே விழுந்த அதிர்ச்சியில் ஹெட்தான் தட்டைத் தின்றிருந்தது. தட்டின் மேல் வட்டமாக ஒரு கீறல். அந்தக் கீறலில்தான் எங்கேயோ கொடைக்கானல் ஏரி இருந்திருக்க வேண்டும். தேயாத ஹெட் செய்துவிட்டால் பிரச்னை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது கொஞ்சம் அடிதான்.

ஹெட் கிடைத்துவிட்டதாக பாய் போன் செய்தார். அதுவும் பெர்மலாய்தான், கொஞ்சம் கெட்டிப்படுத்திய ரகம். மாட்டியதும் கேசட்டை ஓடவிட்டு, ஹெட்டின் பக்கத்திலிருந்த சின்ன ஸ்க்ரூவை நூலளவு திருப்பிக்கொண்டே காதைச் சாய்த்தார். ஹெட் நாடாவுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டுமாம். திருப்பத் திருப்ப, மூடியிருந்த ஜன்னல் திறக்கிற மாதிரி அம்மா தெளிந்து வந்தார். "என்னங்க, சாப்பிட்டீங்களா?" பாய் கையை எடுத்துவிட்டார்.

"இதையும் வச்சுக்குங்க தம்பி" என்று அதே மாதிரி இன்னொரு ஹெட்டையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மாடு கன்று போட்ட இடம் வந்தது. சட்டென்று கையைத் தூக்கினார்.

"அது என்னடா சத்தம்?"

நானும் கேட்டேன். அம்மாவின் பேச்சுக்கு நடுவே கலகலவென்று கண்ணாடி வளையல்.

"கையை ஆட்டாம அவளுக்குப் பேசவே வராது" என்றார் அப்பா. ரீவைண்ட் பட்டனை அழுத்தி, அந்த இடத்தை மட்டும் மறுபடி கேட்டார். மறுபடியும். நாலாவது தடவை எனக்குக் கொஞ்சம் பயம் வந்துவிட்டது.

"அப்பா, ஹெட்டு தேயும்ப்பா."

"பாய் கொடுத்த இன்னொண்ணு இருக்குல்ல" என்றவர், ரீவைண்ட் பட்டனில் விரலை வைத்தார்.