மறதியா, காதா?



போன தை மாதம் ஒரு கல்யாண வீடு. என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு பேர் சொன்னாள். ஒரே மேளச் சத்தம். சிரித்துத் தலையாட்டினேன். ஐந்து நிமிடம் கழித்து அவளிடமே, "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டேன். அவள் முகம் வாடிவிட்டது.

வீட்டிலும் இதே கதைதான். "காலையில சொன்னதை மறந்துட்டியேம்மா" என்று மகளுக்குத் தினமும் வருத்தம். எனக்கோ பயம். என் அம்மா கடைசிக் காலத்தில் என்னையே தன் தங்கை என்று நினைத்துக் கூப்பிட்டவர். எனக்கும் அது வந்துவிட்டதோ?

குறுக்கெழுத்து போட்டேன். பதினேழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொன்னேன். நடைப்பயிற்சியில் 1989ஆம் வருடத்து ஐந்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை மனதுக்குள் வாசித்தேன். 41 பேரில் 38 பேர் வந்துவிட்டார்கள்! அது நினைவிருக்க, காலையில் சொன்னது மட்டும் ஏன் நிற்கவில்லை?

டாக்டரிடம் போனேன். பிரஷர், சர்க்கரை, தைராய்டு, பி12 எல்லாம் பார்க்கச் சொன்னார். தைராய்டு குறைந்தாலும், பி12 சத்து குறைந்தாலும் மறதி வருமாம், மருந்தால் சரிசெய்யலாமாம். அவை சரியாக இருந்தன. பிறகு காதைப் பரிசோதிக்க அனுப்பினார். இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைந்திருந்தது. "நீங்க மறக்கலம்மா. பாதி வார்த்தை உங்க காதுலயே விழலை" என்றார்.

வயதானால் முதலில் குறைவது மெல்லிய, கீச்சென்ற ஒலிகள்தான். அதனால் பேசுவது கேட்கும், வார்த்தை பிடிபடாது. அதைப் பிடிப்பதிலேயே மூளை களைத்துவிட்டால், நினைவில் வைக்க எங்கே தெம்பு? கேட்காதவர் மெல்லப் பேச்சையும் குறைத்து ஒதுங்கிவிடுகிறார். 2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, முதுமை மறதி நோய்க்கு நாம் மாற்றக்கூடிய காரணங்களாக 14ஐச் சொன்னது. சர்க்கரை, ரத்த அழுத்தம், தனிமையோடு காது கேளாமையும் அதில் உண்டு.

உண்மையைச் சொல்கிறேன். எனக்குக் காது மந்தம் என்று மூன்று வருடமாகவே தெரியும். வெட்கப்பட்டு மறைத்தேன். ஒரு காலத்தில் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவனைக் 'கவனம் போதாது' என்று தினமும் திட்டியவள் நான். காதில் சீழ் வடிந்து அவனுக்குக் கேட்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. முதல் பெஞ்சுக்கு மாற்றினேன், நன்றாகப் படித்தான். அவனுக்குச் செய்ததை எனக்கு நானே செய்துகொள்ள இத்தனை நாள் ஆகிவிட்டது.

இப்போது காதுக்கருவி மாட்டியிருக்கிறேன். முதல் வாரம் தட்டு கழுவும் சத்தம்கூட இடியாக இருந்தது. பழகிவிட்டது. அந்தக் கல்யாண வீட்டுப் பிள்ளையிடமும் போனில் அரைமணி நேரம் பேசிவிட்டேன்.

வீட்டில் அப்பாவோ அம்மாவோ டிவி சத்தத்தைக் கூட்டினால், கேட்டதையே திரும்பக் கேட்டால், கோபப்படாதீர்கள். காதைப் பரிசோதிக்க அழைத்துப் போங்கள். என் வயதுக்காரர்களே, கண்ணாடி போட நாம் வெட்கப்படுகிறோமா? இதுவும் அப்படித்தான்.

அந்த 41 பேரில் மூன்று பேர் இன்னும் பாக்கி. 1989 ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கீழே பேரைப் போட்டு "உள்ளேன் டீச்சர்" என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்