பாதையை விட்டு இறங்க வேண்டாம்

பளையில் சைக்கிள் ஓடிப் பழகின ஆக்களுக்கு ஏத்தம் எண்டால் குளக்கட்டுத்தான். அதுக்கு மேல ஒரு ஏத்தத்தை நாங்கள் உழக்கினதே இல்லை. நாங்கள் எண்டால் நானும் தம்பியும். போன கம்பஸ் விடுமுறைக்கு மாமா எங்களைப் பிரான்சுக்குக் கூப்பிட்டிருந்தார். விசா கிடைத்த கதையை எழுதினால் அதுவே தனிக் கட்டுரையாகிவிடும், விடுவம். சிநேகிதர் எல்லாரும் ஈபிள் கோபுரத்தையும் லா சப்பலையும் பற்றித்தான் விசாரித்தார்கள். ஆனால் நாங்கள் பாரிசில் நின்றது இரண்டே இரண்டு நாள். மாமா இருப்பது கிழக்கில், ஜெர்மன் எல்லைப் பக்கம், அல்சாஸில் கொல்மார் நகருக்குக் கிட்ட. வீட்டு யன்னலைத் திறந்தால் வோஜ் மலைகள் தெரியும்.

மாமாவின் மகனுக்குப் பதினேழு வயது. நாங்கள் சொல்லும் தமிழ் விளங்கும், பதில் பாதி பிரெஞ்சில் வரும். அவனுக்கு உயிர் வே-தே-தே. மலைச் சைக்கிளுக்கு பிரெஞ்சுக்காரர் வைத்திருக்கும் பெயர் அது, எந்த நிலத்திலும் ஓடும் சைக்கிள் என்று அர்த்தம். வந்த மூன்றாம் நாளே எங்களுக்கு இரண்டு சைக்கிள் வாடகைக்கு எடுத்து, ஹெல்மெட்டும் கையுறையும் போட்டு, லாக் பிளாங் ஏரிப் பக்கம் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

முதல் இறக்கத்திலேயே எங்களில் ஒராள் ஹாண்டிலுக்கு மேலால பறந்தார். யாரெண்டு எழுதமாட்டோம், அப்படி ஒரு ஒப்பந்தம். குற்றம் பிறேக்கில்தான் இருந்தது. ஊரில் எங்கட லுமாலாவில் வலக்கைப் பிறேக் முன்சில்லுக்கு, இடக்கை பின்சில்லுக்கு. இறக்கத்தில் கை தானாக இடதைத்தான் அமத்தும். அங்கே அது தலைகீழ், இடக்கைதான் முன்சில்லு. அதுவும் டிஸ்க் பிறேக், ஒரு விரலால் தொட்டாலே சில்லு செத்துப்போய் நிற்கும். முன்சில்லு நின்றது, ஆள் நிற்கவில்லை. நல்லகாலத்துக்கு கீழே பைன் ஊசி இலைகள் மெத்தை மாதிரிக் கிடந்தன. மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். (அவன் சைக்கிளால் விழவில்லை.)

வோஜ் பெரிய மலை இல்லை. ஆக உயர்ந்த கிரான் பலோனே 1424 மீற்றர்தான், எங்கட பிதுருதலாகல 2524. ஆனால் அல்சாஸ் பக்கம் சரிவு கடும் செங்குத்து, மேற்குப் பக்கம் மெதுவாக இறங்கும். காட்டுக்குள் ஃபேர் மரமும் பீச் மரமும், வேர்கள் பாதைக்குக் குறுக்கே படிக்கட்டு மாதிரி. சில இடங்களில் ஸ்ப்ரூஸ் மரங்கள் கூட்டமாகக் காய்ந்து நின்றன. 2018 வறட்சிக்குப் பிறகு பட்டைவண்டு புகுந்து தின்று முடித்ததாம். நாங்கள் மூச்சு வாங்கி வாங்கித் தள்ளிக்கொண்டு போக, எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு மனுசி மின்சார மலைச் சைக்கிளில் "பொன்ஜூர்" சொல்லிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனா. தம்பிக்கு அது இன்னும் ஆறவில்லை.

எங்களுக்குக் கனக்கப் பிடித்தது அந்தக் காட்டின் அடையாளங்கள். மலைச் சைக்கிள் பாதை என்றால் ஒரு முக்கோணமும் இரண்டு வட்டமும். பச்சை நிறம் ஆகச் சுகமானது, பிறகு நீலம், சிவப்பு, ஆகக் கடினம் கறுப்பு. நடைப் பாதைகளுக்கு வேறு குறி: நீள்சதுரம், சிலுவை, வளையம், முக்கோணம் என்று மரத்துக்கு மரம். இவற்றைப் போடுவது 1872இல் சவேர்ன் ஊரில் தொடங்கிய குளுப் வோஜியன் என்ற சங்கம். கிட்டத்தட்ட 20,000 கிலோமீற்றர் பாதையை இன்றைக்கும் தொண்டர்கள்தான் பராமரிக்கிறார்கள். பெயின்ற் வாளியோடு காட்டுக்குள் போகிற ஓய்வூதியக்காரர்களை யோசித்துப் பாருங்கோ. அவர்களுக்கும் மச்சான் மாதிரிப் பெடியளுக்கும் ஒத்துவராது என்பது வேறு கதை. சில்லு மண்ணை அரிக்குது என்பது அவர்கள் வழக்கு, நடக்கிற ஆக்கள் காட்டை வாங்கி வைச்சிருக்கினமோ என்பது இவன் வழக்கு. ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பேர்க்கில், இரண்டு மீற்றருக்குக் குறைந்த காட்டுப் பாதையில் சைக்கிளே ஓடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. மச்சான் அதைச் சொல்லும்போது ஏதோ கொடுங்கோல் ஆட்சியைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருந்தது.

பாதி வழியில் அவன் சைக்கிளைப் போட்டுவிட்டு இடுப்பளவு புதருக்குள் இறங்கினான். அவ்வளவும் காட்டு நீலப்பழம். "வாங்கோ, வாங்கோ" என்று வாயெல்லாம் ஊதாவாகக் கூப்பிட்டான். நாங்கள் இரண்டு பேரும் பாதையிலேயே நின்று ஹெல்மெட்டை நீட்டினோம். அவன் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டான். ஏன் இறங்கவில்லை என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்கவில்லை. அவனும் அட்டைக்குப் பயம் என்று நினைத்திருப்பான்.

பின்னேரம் லேன்ஜ் என்ற இடத்துக்கு வந்தோம். கிட்டத்தட்ட ஆயிரம் மீற்றர் உயரத்தில் ஒரு மேடு. முதலாம் உலகப் போரில், 1915 ஜூலை 20இல் இருந்து ஒக்ரோபர் நடுப்பகுதி வரை, இந்த மேட்டைப் பிடிக்கப் பிரெஞ்சுப் படையும் விடாமல் ஜெர்மன் படையும் சண்டை பிடித்தன. இரண்டு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 17,000 பேர் செத்தார்கள். கடைசியில் கோடு பெரிதாக அசையவில்லை. இரண்டு பக்கப் பதுங்குகுழிகளுக்கும் இடையில் சில இடங்களில் சில மீற்றர்தான் தூரம். கல்லில் வெட்டிய ஜெர்மன் குழிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன, முள்ளுக்கம்பி துருப்பிடித்துக் கிடக்கிறது. பிறகு எலும்புகள் கிடைத்த இடங்களில் சிலுவை நட்டிருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரருக்கு வெள்ளை, ஜெர்மன்காரருக்குக் கறுப்பு. இரண்டும் ஒரே மேட்டில், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று.

சைக்கிளை வெளியில் சாத்திவிட்டு உள்ளே நடந்தோம். ஓரிடத்தில் பலகை. பிரெஞ்சு எங்களுக்குத் தெரியாது, ஆனால் அதை வாசிக்க மொழி தேவைப்படவில்லை. மச்சான் மொழிபெயர்த்தான்: "பாதைய விட்டு இறங்க வேணாம். உள்ள வெடிக்காத குண்டு இருக்கு." பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயப்பிடாதீங்கோ, அது நூறு வருசத்துக்கு முந்தினது" என்றான்.

தம்பி மெதுவாகச் சொன்னான்: "நூறு வருசமாகியும் எடுத்து முடியேல்லையா?"

எடுத்து முடியவில்லைத்தான். பிரான்ஸ் முழுக்க அந்தப் போரின் குண்டுகளை இன்றைக்கும் ஒவ்வொரு வருசமும் தொன் கணக்கில் எடுத்து அழிக்கிறார்கள். எங்களுக்கு அந்தக் கணக்குத்தான் தலைக்குள் ஓடியது. மீள்குடியேறி வந்த நாட்களில் பள்ளிக்கூடத்தில் முதல் படித்தது சிவப்புப் பலகையையும் மண்டையோட்டுப் படத்தையும்தான். பந்து வேலிக்கு அங்கால போனால் பந்து போனதுதான். முகமாலையில் வெடி எடுக்கிற வேலைக்கு எங்கட ஊர் அக்காமார் காலையில் வானில் போகிறதைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். 1915இல் இருந்து எண்ணினால் இவர்களுக்கு நூறைத் தாண்டியாச்சு. 2009இல் இருந்து எண்ணினால் எங்களுக்கு இன்னும் இருபது கூட ஆகவில்லை.

உண்மையைச் சொன்னால் முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை பேர் செத்த மலையில், கொஞ்சம் தள்ளி, சைக்கிளை லிஃப்டில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கத்தில் விடுகிற விளையாட்டுத் திடலே வைத்திருக்கிறார்கள். ரிக்கெற் வேற. ஆனால் அங்கே நின்ற மச்சானைப் பார்க்கக் கோபப்படவும் முடியவில்லை. அவனுக்கு இந்த மலை விளையாடுகிற மலை. அப்படி ஒரு மலை அவனுக்குக் கிடைத்ததில் எங்களுக்கு என்ன நட்டம்? கொஞ்சம் பொறாமையும் இருந்திருக்கலாம். முகமாலைக்குள்ளால ஒரு பெடியன் சும்மா பொழுதுபோக்குக்கு, சைக்கிளில், பனங்கூடலுக்குள் வளைஞ்சு வளைஞ்சு போகிற மாதிரி நினைத்துப் பார்த்தோம். படம் சரியாக வரவில்லை.

திரும்பும்போது அவன் வழக்கம் போலப் பாய்ந்து போகவில்லை. எங்களுக்கு முன்னால் மெதுவாக ஓடினான். ஒரு வளைவில் நின்று, தமிழிலேயே கேட்டான்: "அதாலயா பழம் பிடுங்க வரேல்ல?"

ஓம் என்றோம்.

"அப்பா இதெல்லாம் எனக்குச் சொன்னதே இல்ல."

மாமா ஊரை விட்டு வெளிக்கிட்டது நாங்கள் பிறக்க முதல். அவர் சொல்லாமல் விட்டது இது மட்டுமாக இருக்காது. நாங்களும் அதிகம் சொல்லவில்லை, ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் எது வரைக்கும் போகலாம், எதுக்கு அங்கால போகக்கூடாது என்பதை மட்டும் கையால் காட்டினோம். பிறகு ஓர்பே வரைக்கும் ஒரே இறக்கம். இந்த முறை சரியான பிறேக்கைப் பிடித்தோம்.

அன்றிரவு அம்மாவுக்கு வட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பினோம். ஏரி, சைக்கிள், சிராய்த்த முழங்கை, எல்லாவற்றோடும் அந்தப் பலகையும் போய்விட்டது. அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. காலையில் எழும்பிப் பார்த்தால் குரல் பதிவு ஒன்று வந்திருந்தது, ஆறு செக்கன்: "பிள்ளையள், பாதையால மட்டும் போங்கோ, என்ன?"