காணாமற்போன நாதஸ்வரம்

சென்ற தைப்பொங்கலுக்குப் பத்து நாள் முன்பு, மட்டாஞ்சேரியில் அன்பர் ஒருவர் இல்லத்து மாடியில் கூடியிருந்தோம். கீழே கிடங்குகளிலிருந்து சுக்கும் மிளகும் மணத்துக்கொண்டிருந்தன. விழாத் தொடக்கத்துக்குரிய மங்கல இசையைக் கணினியிலேயே அமைத்துவிடுவது, எங்கள் இளைஞர்கள் முந்திய ஆண்டு கண்டுபிடித்த வழி. இணையத்தின் வாயிலாக இயங்கும் இசையமைப்புச் செயலி ஒன்றில், ஒவ்வொரு வாத்தியத்தின் ஒலியும் முன்னரே பதப்படுத்தி வைக்கப்பட்டிருக்கும். 'பிரீசெட்' என்று அதற்குப் பெயர். யாரோ ஒரு புண்ணியவான் அதில் ஏற்றிவைத்திருந்த நாதஸ்வர ஒலியைக் கொண்டு மல்லாரி ஒன்றை அமைத்திருந்தார்கள்.

அன்று அதைத் திறந்தபோது, 'பிரீசெட் காணவில்லை' என்றொரு வரி தோன்றிற்று. செயலி தானாகவே அவ்விடத்தில் பியானோவை அமர்த்திவிட்டது. பியானோவில் கம்பீர நாட்டை! சுவாமி புறப்பாட்டுக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிவித்தாற்போலிருந்தது.

சிரிப்புக்குக் கேட்பானேன்? "நாயனக்காரர் காப்பி குடிக்கப் போயிருக்கிறார்" என்றார் ஒருவர். "சம்பந்தி வீட்டில் மரியாதை போதவில்லை என்று பஸ் ஏறிவிட்டார்" என்றார் இன்னொருவர். "வெற்றிலை பாக்கு வைத்தா கூப்பிட்டீர்கள், வருவதற்கு?" என்று கேட்டார் வீட்டுக்கார அம்மையார்.

இளைஞன் ஒருவன் வேறோர் உண்மையைச் சொன்னான். மின்னிசைக் கருவிகளுக்கென்று 1991ஆம் ஆண்டு 'ஜெனரல் மிடி' என்னும் பொது வரிசை வகுக்கப்பட்டது. அதில் 128 ஒலிகள். சிதார் உண்டு, ஷெனாய் உண்டு, ஜப்பானியரின் கோட்டோ உண்டு. நாதஸ்வரம் இல்லை, வீணையும் இல்லை. ஆனால் 125 தொலைபேசி மணி, 126 ஹெலிகாப்டர், 127 கைதட்டல், 128 துப்பாக்கி வெடி! "ஹெலிகாப்டரிலேயே புறப்பாடு நடத்திவிடலாம், கைதட்டும் தயார்" என்று ஒருவர் சொல்ல, மாடி அதிர்ந்தது.

வரிசை வகுத்தவர்களைக் குறை கூறிப் பயனில்லை. அவர்கள் முறை, ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டை கொண்ட வாத்தியத்தைச் சுற்றி எழுந்தது. நாதஸ்வரத்திலோ விரலுக்கு ஏழு துளைகளே. எஞ்சியதை மூச்சும் உதடும், பாதி மூடிய விரலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கமகம் பேசாது என்பதையும் ஒரு குறையாகக் காட்டித்தான் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கிற்று. 1971 வரை அது வெளியிலேயே நின்றது. மெஹ்பூப் பாடிய ஊரிலிருந்துகொண்டு ஆர்மோனியத்தைக் குறைசொல்ல எங்களுக்கு நா எழாது. அது வேறு கதை.

ஒரு மூலையில் அமர்ந்திருந்த முதியவரை அப்போதுதான் நினைத்துக்கொண்டோம். எங்கள் கலியாணங்களுக்கும் கோயில் விழாக்களுக்கும் நாற்பதாண்டு வாசித்தவர். பல் விழுந்து, சீவாளி பிடிபடாமற்போய், வாசிப்பை நிறுத்தி மூன்றாண்டாகிறது.

"பெட்டி என்னத்தைக் காணோம் என்கிறது?"

"நாதஸ்வரத்தை, தாத்தா."

"என் வீட்டில் அது பத்திரமாக இருக்கிறதப்பா. வாசிக்கிறவனைத்தான் காணோம்."

அவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம், ஆனால் அதற்குமேல் ஒருவருக்கும் வேடிக்கை வரவில்லை. அவர் வாசிப்பு யாரிடமேனும் இருக்கிறதா என்று விசாரித்தோம். கலியாண ஒளிநாடாக்கள் வீடுதோறும் இருந்தன. அவற்றில் அவர் வாசிக்கிறார், கன்னம் உப்புகிறது, விரல்கள் ஓடுகின்றன. ஒலி மட்டும் சினிமாப் பாட்டு. அந்நாளில் அதுதான் நாகரிகம் என்று நாங்களே கேட்டு வாங்கிப் பதித்தது. நாற்பதாண்டில் ஒரு முழு மல்லாரி எங்களிடம் மிஞ்சவில்லை.

செயலி தொலைத்தது யாரோ ஏற்றிய ஒலியை. நாங்கள் தொலைத்தது எதிரே அமர்ந்திருந்தது.

"வாயால் சொல்லுங்கள் தாத்தா" என்று அந்த இளைஞன் கைப்பேசியை அவர்முன் வைத்தான். முதலில் மறுத்தார். பிறகு தொடையில் தாளம் போட்டு, தத்தகாரமாய்த் தொடங்கினார். குரல் நடுங்கிற்று, லயம் நடுங்கவில்லை. மூன்றாம் காலத்துக்கு வரும்போது இருமல் வந்தது. நிறுத்தி, தண்ணீர் குடித்து, விட்ட இடத்திலேயே எடுத்தார்.

இருமலை வெட்டிவிடலாம், அரை நிமிட வேலை என்றார்கள் இளைஞர்கள். நாங்கள் சம்மதிக்கவில்லை. பொங்கலன்று காலை அது இருமலோடுதான் ஒலித்தது. முன்வரிசையில் இருந்த அவர், அந்த இடம் வந்ததும் திரும்பி எங்களை ஒரு முறை முறைத்தார்.