நரைத்த வீடுகளின் தீவு

கப்பல் கரையை நெருங்கும்போதே கவனித்தேன். தீவில் உள்ள வீடுகள் எல்லாம் ஒரே நிறம். வெள்ளை இல்லை, கறுப்பும் இல்லை. விபூதியில் கொஞ்சம் வெள்ளிப் பொடி கலந்தாற்போல ஒரு சாம்பல் நிறம். ஜன்னல் சட்டங்களுக்கு மட்டும் பளிச்சென்று வெள்ளை பெயிண்ட். அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த நான்டக்கெட் தீவு இது. ஹையனிஸ் துறைமுகத்திலிருந்து கப்பலில் இரண்டேகால் மணி நேரம்.

வெறுமே ஊர் பார்க்கப் போனோம் என்று நினைக்காதீர்கள். ஒரு வழக்கைத் தீர்க்கப் போனோம்! என் பெண்ணும் மாப்பிள்ளையும் கேப் காட் பக்கம் ஒரு பழைய மர வீடு வாங்கியிருக்கிறார்கள். நம் ஊர் ஓடு மாதிரி மெல்லிய சீடர் பலகைத் துண்டுகளை வரிசை வரிசையாக அடித்த சுவர். போன குளிர்காலப் புயலில் வடக்குச் சுவர் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. புதுப் பலகை அடித்தார்கள். இப்போது மூன்று சுவர் சாம்பல், ஒரு சுவர் தேன் நிறம்.

"ஒட்டுப் போட்ட புடவை மாதிரி இருக்கும்மா. மொத்தமா பெயிண்ட் அடிச்சுடணும்" என்கிறாள் பெண். பெயிண்ட்காரர் சொன்ன தொகையோ, மாப்பிள்ளை தன் அம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்காகச் சேர்த்து வைத்த பணத்தில் பாதியை விழுங்கிவிடும். சம்பந்தியம்மா திருச்சியில் ஒரு வருஷமாக மாடிப்படி ஏறவில்லை. "நீங்களே சொல்லுங்க அத்தை" என்று மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். பார்க்காமல் எப்படிச் சொல்வது?

நான்டக்கெட் ஒரு காலத்தில் திமிங்கல எண்ணெய் விற்றுக் கொழித்த ஊர். 1846 ஜூலையில் ஒரு பெரும் தீ. கடைத்தெருவில் பெரும்பகுதி சாம்பல். பிறகு மண்ணெண்ணெய் வந்து திமிங்கல வியாபாரமும் படுத்தது. இடித்துப் புதிதாகக் கட்டக் கையில் காசில்லை. தப்பிய பழைய வீடுகள் அதனால்தான் அப்படியே நிற்கின்றன. 1955-லிருந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். வீட்டின் வெளிப்புறத்தில் எதை மாற்றுவதானாலும் அவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும். 1971-லிருந்து தீவு முழுவதற்கும் இந்தச் சட்டம்.

1686-ல் கட்டிய ஜெத்ரோ காஃபின் வீட்டைப் பார்த்தோம். கட்டடம்தான் பழசு, மேல் பலகைகளை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். கோவிலில் தட்டோடு மாற்றுகிற மாதிரி.

அங்கே ஒரு தெருவில் ஏணி மேல் நின்று பலகை அடித்துக்கொண்டிருந்தார் ஒரு வயதான தச்சர். மாப்பிள்ளை விட்டாரா? "கலர் மாறுதே, மரம் உளுத்துப் போகுதா?" என்று கேட்டு, அவர் சொன்னதை எனக்குத் தமிழில் சொன்னார்.

மரத்தின் நாரை ஒட்டி வைத்திருக்கும் கோந்து மாதிரி ஒரு பொருள், லிக்னின். வெயில் அதைத் தின்றுவிடும். மழை கழுவிக்கொண்டு போகும். மிஞ்சுவது வெளுத்த நார். அதில் கண்ணுக்குத் தெரியாத கரும்பூஞ்சை கொஞ்சம் படிந்தால் சாம்பல். கடல் உப்புக் காற்றில் பூஞ்சை அதிகம் வளராது, அதனால் வெள்ளி மாதிரி மின்னும். நிழலும் ஈரமுமான இடத்தில் அதே பலகை கறுத்துப் பாசி பிடிக்கும். நம் கடற்கரையில் கிடக்கும் பழைய கட்டுமரத்தைப் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதிதான்.

தேய்வது மேல் தோல் மட்டும். நூறு வருஷத்துக்குச் சுமார் கால் அங்குலம். ஆனால் பலகையே மெல்லிசு, அதனால் சில பத்து வருஷத்துக்கொரு முறை மாற்றத்தான் வேண்டும்.

ஒரு வீடே முழுக்க ஒரே நேரத்தில் நரைப்பதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வேடிக்கை. அந்த ஊரில் சூரியன் தெற்கே சாய்ந்தே போவதால் தெற்குச் சுவர் முந்திக்கொள்ளும், வடக்கு பின்தங்கும். மழை படாத இறவாரத்தின் கீழே மட்டும் வருஷக்கணக்கில் பழுப்பாகவே இருக்கும். சாதா இரும்பு ஆணி அடித்த இடத்தில் கறுப்பாய் நீளமாய் ஒழுகல். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மை ஆகுமே, அது மாதிரி சீடரில் உள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை. துருப்பிடிக்காத எஃகு ஆணிதான் போட வேண்டுமாம்.

"பெயிண்ட்?" என்றாள் பெண், விடாமல்.

பெயிண்ட் மரத்துக்குக் காவல்தான், மறுக்கவில்லை அவர். ஆனால் நரைத்த பலகையில் நார் தளர்ந்திருப்பதால் பெயிண்ட் பிடிக்காது. மூன்று சுவரையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாக வேண்டும். தொகை ஏறியது அதனால்தான். ஒருமுறை அடித்துவிட்டால் சில வருஷத்துக்கொரு தடவை சுரண்டு, அடி, சுரண்டு, அடி. சும்மா விட்டால் தெற்குச் சுவர் ஓரிரண்டு வருஷத்திலேயே நரைத்துவிடும். உங்களது வடக்குச் சுவர், இன்னும் சில வருஷம் பொறுக்கணும்.

"சில வருஷமா!" என்று அவள் முகம் சுருங்கியது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. வீட்டைப் பார்க்க லட்சணமாய் வைத்துக்கொள்ள ஆசைப்படுவது ஒரு குற்றமா என்ன?

சாயங்காலம் தீவின் கிழக்குக் கோடியில் சயாஸ்கான்செட் கிராமத்துக்குப் போனோம். ஆள் கையை உயர்த்தினால் கூரை தொடும் போலக் குட்டிக் குட்டி வீடுகள். ஜூன் மாதமாதலால் கூரை வரைக்கும் ரோஜாக்கொடி. அந்தச் சாம்பல் சுவர் மேல் ரோஜாவின் இளஞ்சிவப்பு எடுத்துக்கொடுத்த அழகை எந்தப் பெயிண்டும் தராது; இது என் அபிப்பிராயம். கொடியைப் பலகை மேல் படரவிடாமல், ஒரு சாண் தள்ளிச் சட்டம் கட்டி ஏற்றியிருந்தார்கள், சுவரில் ஈரம் தங்காமல் இருக்க.

அங்கேதான் பெண் நின்றாள். வீட்டுக்கு வீடு, சாம்பல் சுவர் நடுவே இரண்டு பலகை, நாலு பலகை, சில வீட்டில் பாதிச் சுவரே புதுத் தேன் நிறம். யாரும் மறைக்கவில்லை. ஒரு அம்மாள் அந்த ஒட்டுக்கு நேரே நாற்காலி போட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் பார்த்தவள், "பெயிண்ட்காரருக்கு நீங்களே போன் பண்ணிடுங்க, வேண்டாம்னு" என்றாள் புருஷனிடம். "ஆவணிக்குள்ள அத்தைக்கு டாக்டர்கிட்ட தேதி வாங்கச் சொல்லுங்க." பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, நம்ம வீட்டுக் கொடி சுவரை ஒட்டியே ஏறியிருக்கு. நாளைக்கு அதைப் பிரிச்சுக் கட்டணும், நீயும் வா."