செல்லம் கொடுத்த சேவல்

வீட்டு முட்டை பிள்ளைகளுக்கு நல்லதாயிற்றே என்று நாலு கோழி வாங்கி விட்டேன். அப்படித்தான் ஆரம்பித்தது. தாராபுரம் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை, ஒரு முருங்கை, இரண்டு தென்னை. கோழி மேய்வதற்குக் கேட்கவா வேண்டும்!

2021 ஐப்பசி மழையில் ஒரு கோழி பதினோரு குஞ்சு பொரித்தது. நாலாம் நாள் ராத்திரி கொடாப்பைத் தள்ளிவிட்டுக் கீரி புகுந்துவிட்டது. விடிந்து பார்த்தால் தாய்க்கோழியும் இல்லை, குஞ்சுகளும் இல்லை. விறகுக் கட்டுக்குள் ஒன்றே ஒன்று மட்டும் கத்திக்கொண்டிருந்தது. அப்போது பத்து வயதான என் மகன் அதை அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே குண்டு பல்பைக் கட்டித் தொங்கவிட்டு, குருணையைக் கையில் வைத்தே ஊட்டி வளர்த்தான். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் வீட்டுப் பாடமே எழுதுவான். ராஜா என்று பெயரும் வைத்தாயிற்று. என் மாமியார் மட்டும், "அம்மிணி, கோழிக்குஞ்சு கோழிகளோட வளரோணும். மனுசங்களோட வளந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐந்து மாதத்தில் வால் இறகு வளைந்து, கொண்டை சிவந்து, கூவவும் ஆரம்பித்துவிட்டது. முதலில் விளக்குமாற்றைக் கொத்தியது. நாங்கள் சிரித்தோம். அடுத்து, நான் கழனித் தண்ணீர் கொண்டு போனால் ஒரு பக்க இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு, என்னைச் சுற்றிச் சாய்ந்து சாய்ந்து நடக்கும். கீழே ஒன்றும் இருக்காது, ஆனாலும் கொத்துவது போலப் பாவனை செய்யும். டான்ஸ் ஆடுகிறது என்று பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டு வேறு காட்டினேன். அது 'வா, பார்த்துவிடலாம்' என்று என்னைச் சண்டைக்கு அழைக்கிற அடையாளம் என்பது எனக்குத் தெரியாது. ஒரு நாள் கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தது. வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் ஓடியதும் ஜெயித்துவிட்டோம் என்று அதற்குத் தோன்றிவிட்டது. மறுநாளும் பாய்ந்தது. அடித்தால் பயப்படும் என்று விளக்குமாற்றால் அடித்தேன். பயமாவது! எதிரிச் சேவல் திருப்பி அடிக்கிறது என்று இன்னும் மூர்க்கமாயிற்று.

2022 சித்திரை விடுமுறைக்கு நாத்தனார் மூன்று வயதுக் குழந்தையோடு வந்திருந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். ஒரு அலறல் கேட்டது. ஓடிப் பார்த்தால் குழந்தை கீழே கிடக்கிறாள், ராஜா மேலே நிற்கிறது. கன்னத்தில் ரத்தம். சேவலுக்குக் காலின் பின்பக்கம் முள் இருக்குமே, அது கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே குத்தியிருந்தது. பெரியவர்களுக்கு முழங்காலில் படுகிற உயரம்தான் குழந்தைக்கு முகம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். பார்க்கச் சின்னதாக இருந்தாலும் முள் ஆழமாக இறங்கும், உள்ளே சீழ் பிடிக்கலாம் என்று மருந்து கொடுத்தார். டி.டி. ஊசி போட்டிருக்கிறதா என்று விசாரித்தார். நாய்க்கடி மாதிரி வெறிநோய் வருமோ என்று நாத்தனார் அழுதாள். அது பாலூட்டிப் பிராணிகளால் வருவது, கோழியால் வராது என்றார். நல்ல வேளையாகக் காயம் ஆறிவிட்டது. நாத்தனார் முகத்தை என்னால்தான் பார்க்க முடியவில்லை.

"அறுத்துப் போட்டரலாம்" என்றார் என் கணவர். மகன் சேவலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. இதற்குள் விஷயம் தெரிந்து ஒருவர் வந்தார். நல்ல ரோஷக்காரச் சேவல், இரண்டாயிரம் தருகிறேன் என்றார். பொங்கல் சமயத்தில் அரவக்குறிச்சிப் பக்கம் பூலாம்வலசில் நடக்கும் சேவற்கட்டைப் பற்றி எங்கள் பகுதியில் தெரியாதவர்கள் கிடையாது. அவர் கேட்டதும் எதற்கு என்று புரிந்துவிட்டது. வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். என் பிள்ளை ஊட்டி வளர்த்ததன் காலில் கத்தி கட்டுவதா?

அத்தை ஒரு மாதம் எனக்குப் பாடம் நடத்தினார். "நீ அதுக்கு வழி விடாத. அதுதான் உனக்கு வழி விடோணும்." ஓடவும் கூடாது, உதைக்கவும் கூடாது. முறத்தைக் காலுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, அது விலகும்வரை நிதானமாக அதை நோக்கியே நடக்க வேண்டும். மீறி வந்தால் துண்டைப் போட்டு அமுக்கி, தலை தாழும்வரை அப்படியே பிடித்திருந்து, பிறகு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பத்து நிமிடம் நம் வேலையைப் பார்க்க வேண்டும். இருட்டிய பிறகு சேவலுக்குக் கண் சரியாகத் தெரியாது. அப்போது பிடித்து, முள்ளின் நுனியை மட்டும் அரத்தால் மழுக்கினோம். முள்ளுக்குள் ரத்த ஓட்டம் உண்டு, ஒட்ட வெட்டிவிடக் கூடாது. இன்னொன்றும் அத்தை கண்டுபிடித்தார். ஒன்பது கோழிக்கு எங்களிடம் மூன்று சேவல். அதனால்தான் ஓயாத சண்டையும், கோழிகளுக்கு முதுகு இறகு போவதும். மற்ற இரண்டையும் குழம்பு வைத்தோம். முட்டைக்கு மட்டும் என்றால் சேவலே தேவையில்லை, தெரியுமோ? குஞ்சு பொரிக்கத்தான் வேண்டும். அதற்கும் எட்டுப் பத்துக் கோழிக்கு ஒன்று போதும்.

என்னிடம் ராஜா அடங்கிவிட்டது. அத்தையிடமும் அப்படித்தான். ஆனால் குழந்தைகளிடம் அடங்கவில்லை. சின்னதுகள் கத்தும், ஓடும்; அவர்களிடம் போய் முறம் பிடி என்றா சொல்வது? ஆடி மாதம் பக்கத்து வீட்டுப் பையன் பந்தெடுக்க வந்தான். ராஜா கம்பி வலைமேல் பாய்ந்த வேகத்தைப் பார்த்தேன். வலை மட்டும் இல்லாவிட்டால்!

பையன் பள்ளிக்கூடம் போன நேரம் காரியத்தை முடித்துவிட்டு, காணாமல் போய்விட்டது என்று சொல்லிவிடலாம் என்றார் இவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. அன்று ராத்திரி அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "நான் கையில வச்சு வளத்துனதாலதான் இப்படி ஆச்சாம்மா?" என்று கேட்டான். "அதனாலயும் இருக்கலாம் சாமி. கொத்தறப்ப சிரிச்சது நாந்தானே" என்றேன்.

"நம்ம ஊட்ல வேண்டாம்மா" என்றான்.

என் அண்ணன் வந்து எடுத்துக்கொண்டு போனார். குழம்புக்குத்தான் என்று ஒளிக்காமல் சொல்லித்தான் கொடுத்தேன். போகும் முன் என் மகன் ஒரு கை கம்பு வைத்தான். அது அவன் கையிலிருந்தே தின்றது. தீபாவளி வரை அவன் கோழிக்கறி தொடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

இப்போது எங்கள் கொல்லையில் இருக்கிற சேவல் தாய்க்கோழியிடமே வளர்ந்தது. தீனி வைப்பதோடு சரி, நாங்கள் யாரும் அதைத் தூக்கிக் கொஞ்சவில்லை. நான் நடந்து போனால் பத்தடி தள்ளிப் போய் நிற்கும். அதற்குப் பெயர் கிடையாது. வைக்க வேண்டாம் என்று என் மகன்தான் சொன்னான்.